நாளைக்கு வாங்க

ஷட்டர் அன்றைக்கும் முழங்கால் உயரத்தில் மாட்டிக்கொண்டது. இளமதி உள்ளேயிருந்து அதைக் காலால் ஓங்கி உதைத்தாள். வெளியே அதன்மேல் சாய்ந்து உட்கார்ந்திருந்த யாரோ "யம்மா" என்று அலறி எழுந்தார்கள். இளமதி குனிந்து பார்த்தாள். ஊதா நிறக் கம்பெனிக் கோட்டு, கழுத்தில் அடையாள அட்டைக் கயிறு, கையில் சாப்பாட்டுப் பை. இருபத்திரண்டு வயதிருக்கும்.

"இன்னாம்மே, கம்பெனி பஸ்ஸ வுட்டுட்டியா?"

"பஸ்ஸு போவுதுக்கா. எனக்குத்தான் அதுல எடமில்ல."

அப்படித்தான் ஷாரோன் அந்தக் கடைக்குள் வந்தாள். உத்திரமேரூர் பஜார் தெருவில், பேருந்து நிலையத்திலிருந்து கூப்பிடு தூரத்தில் இருந்தது கடை. காலையில் பேப்பர், ஜூன் மாதத்தில் பழைய பாடப்புத்தகம், மற்ற நாட்களில் தேர்வுக் கைடுகள். பின்சுவர் முழுக்கப் பாதி விலைக் கதைப் புத்தகங்கள். கடையைத் தொடங்கியவன் இளமதியின் புருஷன் தினகரன். ஐந்து வருஷத்துக்கு முன்னால் செங்கல்பட்டில் இன்னொருத்தியோடு குடும்பம் வைத்துக்கொண்டு, கடையையும் பின்னாலிருந்த ஒற்றை அறையையும் இவளுக்கு விட்டுவிட்டுப் போனான். அதுவரை இளமதி ஒரு கதைப் புத்தகத்தையும் முழுதாகப் படித்ததில்லை. அவன் போன பிறகு, யாரிடமாவது பேசினால் அடித்துவிடுவோமோ என்று பயந்துதான் கல்லாவில் உட்கார்ந்து படிக்க ஆரம்பித்தாள். படித்துப் படித்து ஒரு மாதிரியாக அந்த வருஷத்தைக் கடந்தாள். கோபம் மட்டும் எங்கும் போய்விடவில்லை. ஷட்டரைக் கேட்டால் சொல்லும்.

ஷாரோனுக்கு நடந்தது இதுதான். நெடுஞ்சாலையோரம் இருக்கும் கம்பெனியில் கார் விளக்குக்கு ஒயர் பூட்டும் வேலை. ஒரு நாள் வரிசையில் நின்றிருந்த பெண் மயங்கி விழுந்தாள். சூப்பர்வைசர் அவளை ஓய்வறை பெஞ்சில் கிடத்திவிட்டு, லைன் நிற்கக்கூடாது என்றான். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனால்தான் ஆச்சு என்று மற்றவர்கள் தரையில் உட்கார்ந்துவிட்டார்கள். அவளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். மறுவாரம் உட்கார்ந்தவர்கள் யாருடைய அட்டைக்கும் வாசல் கதவு திறக்கவில்லை. கேட்டால், நீங்கள் எங்கள் ஆட்களே இல்லை, ஏஜெண்டைப் போய்ப் பாருங்கள் என்றார்கள். ஏஜெண்ட் வசந்த்குமாரின் ஆபீஸ் இதே பஜார் தெருவில், மருந்துக்கடை மாடியில். வேலைக்குச் சேர்க்கும்போதே எல்லாருடைய ஒரிஜினல் சான்றிதழ்களையும் வாங்கிப் பீரோவில் வைத்துக்கொண்டவன். அவை இல்லாமல் வேறெந்தக் கம்பெனி வாசலிலும் நிற்க முடியாது. போய்க் கேட்டால் மூஞ்சியைக்கூடப் பார்க்காமல் "நாளைக்கு வாங்க" என்பான்.

ஷாரோன் வீட்டில் சொல்லவில்லை. திருமுக்கூடலுக்கு இந்தப் பக்கம் ஒரு காலனியில் வீடு. அம்மா பாக்கியமேரி, ஊருக்குள் நிலம் வைத்திருக்கும் ஏகாம்பரத்தின் கழனியில் நாற்று நடுகிறவள். வேலை போனது தெரிந்தால் அடுத்த நடவுக்கு மகளும் அதே சேற்றில் இறங்க வேண்டும். அதனால் இருட்டோடு எழுந்து, கோட்டை மாட்டிக்கொண்டு முதல் பஸ் பிடித்து வந்தாள். சாயங்காலம் வேலை முடிந்தவள் மாதிரித் திரும்பினாள். இடையிலிருந்த பகல் முழுவதையும் எங்கே கொண்டுபோய் வைப்பது என்பதுதான் தெரியவில்லை. பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்தால் வருகிறவன் போகிறவனெல்லாம் பார்த்தான். கோயிலில் உட்கார்ந்தால் நடை சாத்தும்போது எழுப்பிவிட்டார்கள்.

"உள்ள குந்து. யாராவது கேட்டா கடையில வேல செய்றேன்னு சொல்லு" என்றாள் இளமதி.

அந்த வாரமே அவளோடு வேலை போன இன்னும் ஐந்தாறு பேர் வந்தார்கள். அவர்களில் ஒருத்தி ஜெயப்பிரியா, ஏகாம்பரத்தின் மகள். அவளுக்கு நடவுப் பயம் கிடையாது, கல்யாணப் பயம். வேலைக்குப் போகிற வரைக்கும்தான் மாப்பிள்ளை பார்ப்பதைத் தள்ளிப்போட முடியும். ஷாரோனும் அவளும் ஒரே ஊர். கம்பெனி லைனில் இவள் பூட்டிய ஒயரை வாங்கி அவள்தான் டேப் சுற்றுவாள். ஆனாலும் கம்பெனி பஸ்ஸில் ஜெயப்பிரியா முன்சீட்டிலும் ஷாரோன் கடைசி சீட்டிலும்தான் உட்காருவார்கள். ஊர் எல்லையில் இறங்கினால் ஒருத்தியை ஒருத்தி தெரியாது. இளமதியின் கடையில் இருந்தது ஒரே பெஞ்சு. முதல் இரண்டு நாள் ஜெயப்பிரியா நின்றாள். மூன்றாம் நாள் கால் வலித்து உட்கார்ந்தாள்.

முதலில் பொழுது போகத்தான் புத்தகத்தை எடுத்தார்கள். பிறகு அட்டையும் முதல் சில பக்கங்களும் கிழிந்த ஒரு மொழிபெயர்ப்பு நாவல் அகப்பட்டது. பெயரும் தெரியவில்லை, எழுதியவரும் தெரியவில்லை. ஏதோ கடலோர ஊரில் மீனைச் சுத்தம் செய்து டப்பாவில் அடைக்கும் ஆலை, அதில் வேலை செய்யும் பெண்கள், அவர்கள் கழிப்பறைக்குப் போனால் கைக்கடிகாரத்தைப் பார்க்கும் மேஸ்திரி. ஒருத்தி சத்தமாகப் படிக்க மற்றவர்கள் கேட்டார்கள். "இவன் நம்ம சூப்பர்வைசருக்கு சித்தப்பா மவன்டீ" என்றாள் ஷாரோன். அதற்குப் பிறகு மேஸ்திரி வரும் பக்கமெல்லாம் கடை அதிர்ந்தது. கட்டையில போறவன், நாசமாப் போறவன், அவன் கை அழுவ என்று ஆளாளுக்குத் திட்டினார்கள். நாவலில் ஒருத்தி மீன் வெட்டும் கத்தியை மேஜையில் குத்திவிட்டு வெளியே நடக்கிற இடத்தில், ஜெயப்பிரியா தன்னையறியாமல் ஷாரோனின் தோளைப் பிடித்துக்கொண்டாள். கைடு வாங்க வந்தவர்கள் கொஞ்ச நேரம் நின்று கேட்டுவிட்டுப் போனார்கள். சுற்றுப்பட்டு ஊர்களில் அந்த வருஷம் வேலை போகாத தெருவே இல்லை. நின்றவர்களில் பாதிப்பேர் அப்படி வேலை போனவர்கள். எதிர் டீக்கடை வேதகிரி கேட்காமலே டீ கொடுத்தனுப்பினார். கல்லாவில் உட்கார்ந்து இளமதி இவர்களைப் பார்த்துக்கொண்டிருப்பாள். தனக்கு அந்த வருஷத்தில் கிடைத்தது இவர்களுக்கும் கிடைக்கிறது என்று அவளுக்கு ஒரு நிறைவு இருந்தது.

ஏகாம்பரத்துக்கு யார் சொன்னார்களோ. ஒரு மத்தியானம் பைக்கைக் கடை வாசலிலேயே நிறுத்திவிட்டுச் செருப்போடு உள்ளே ஏறினார். பெஞ்சில் மகளும் ஷாரோனும் ஒரே புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு இருந்ததைத்தான் முதலில் பார்த்தார். வேலை போனதைப் பற்றி அவர் கேட்கவே இல்லை.

"யார் பக்கத்துல குந்திக்கினு கீற நீ?"

ஜெயப்பிரியா எழுந்து நின்றாள்.

"நைனா..."

"வாய மூடு. வூட்டுக்கு நட." ஷாரோன் பக்கம் திரும்பினார். "உங்கம்மா என் கயனியில குனிஞ்சி நாத்து நட்டுக்கினு கீறா. நீ இங்க மவராணி மாதிரி கத படிக்கிறியா? நாளையிலேந்து நீயும் வந்து எறங்கு. இல்லன்னா அவளும் வர வாணாம்."

"யோவ், மொதல்ல செருப்பக் கயட்டு. இது என் கட" என்றாள் இளமதி.

"புருசன வச்சி வாழத் தெரியாதவ எனக்கு சொல்றியா? வூட்டுப் பொண்ணுங்களக் கெடுக்கறதுக்கு ஒரு கட!"

மேஜைமேல் இருந்த கைடுக் கட்டை இளமதி தூக்கினாள். எறிந்திருப்பாள். ஜெயப்பிரியா குறுக்கே புகுந்து அப்பாவின் கையைப் பிடித்து வெளியே இழுத்துப்போனாள். பைக்கில் ஏறி உட்கார்ந்தாள். ஒரு வார்த்தை பேசவில்லை, திரும்பிப் பார்க்கவும் இல்லை.

ஆறுதலாக ஏதாவது சொல்ல நினைத்து, "வுடும்மே, மீதிய படி" என்றாள் இளமதி. ஷாரோன் புத்தகத்தைத் தூக்கித் தரையில் அடித்தாள்.

"இன்னாத்த படிக்கிறது? உன் புத்தகத்தாலதான்க்கா நாங்க இத்தினி நாளு இங்க குந்திக்கினு கீறோம். கதையில வர்ற மேஸ்திரிய வாயி வலிக்கத் திட்டினோம். மாடில கீறவன ஒரு வார்த்த கேட்டமா? அவன் நாளைக்கு வான்னான், நாங்க இங்க வந்து கத படிச்சோம். இந்தக் கட இல்லன்னா என்னிக்கோ போயி அவன் பீரோவ ஒடச்சிருப்போம்!"

"அப்ப போ. ஒடை. யாரு உன்னக் கட்டிப் போட்டது?" என்று இளமதியும் கத்தினாள். ஷாரோன் பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். மற்றவர்களும் ஒவ்வொருவராக எழுந்தார்கள்.

இளமதி புத்தகத்தை எடுத்துத் தட்டினாள். முதுகு பிளந்து தாள்கள் தொங்கின. பசை எடுத்து ஒட்ட உட்கார்ந்தாள். தினகரன் விட்டுப்போன வாரத்தில் செங்கல்பட்டுக்கு பஸ் ஏறுவதற்காகப் புடவை மாற்றிக்கொண்டு நின்றது ஞாபகம் வந்தது. அவன் சட்டையைப் பிடித்து அந்தத் தெருவில் வைத்து நாலு கேள்வி கேட்கவேண்டும் என்று கிளம்பியவள், பஸ்ஸுக்கு நேரமிருக்கிறதே என்று கையில் ஒரு புத்தகத்தை எடுத்தாள். அந்த பஸ் போய்விட்டது. அடுத்ததும் போய்விட்டது. புத்தகம் தன்னைக் காப்பாற்றியது என்றுதான் இத்தனை வருஷமும் நினைத்திருந்தாள். காப்பாற்றியது அவனையா? ஷாரோன்மேல் வந்த கோபம் எப்போது தன்மேல் திரும்பியது என்றும் தெரியவில்லை.

மறுநாள் காலையில் பேப்பர் போட்டு முடித்ததும் ஷட்டரை இறக்கிவிட்டு, கையில் அகப்பட்ட புத்தகங்களைக் கட்டைப்பையில் அள்ளிக்கொண்டு மருந்துக்கடை மாடிப்படிக்குப் போனாள். நடுப்படியில் உட்கார்ந்தாள். குறுகலான படி, ஒருவர் உட்கார்ந்தால் இன்னொருவர் ஒருக்களித்துத்தான் ஏறவேண்டும். பஸ் விட்டு இறங்கிய ஷாரோன், கடை பூட்டியிருப்பதைப் பார்த்துத் தேடிக்கொண்டு வந்தாள். கன்னம் வீங்கியிருந்தது. ஏகாம்பரம் சொல்லி விஷயம் தெரிந்த அம்மா அடித்திருக்கிறாள்.

"இன்னாக்கா இங்க?"

"கடைய இங்க மாத்திட்டேன். குந்து. வழி வுடாம குந்து."

மத்தியானத்துக்குள் ஜெயப்பிரியா தவிர எல்லாரும் வந்துவிட்டார்கள். வசந்த்குமார் மேலே போக அரைமணி நேரம் கெஞ்ச வேண்டியிருந்தது. போலீசுக்குப் போன் போட்டான். ஒரு ஏட்டு வந்து, இன்னாம்மா கலாட்டா என்றார். "கலாட்டா எங்க சார்? படிக்கிறோம். படியில குந்தி படிக்கக் கூடாதுன்னு சட்டம் இருந்தா சொல்லுங்க" என்றாள் இளமதி. சான்றிதழ் விஷயத்தைக் கேட்டதும் ஏட்டு மாடியை ஒருமுறை நிமிர்ந்து பார்த்துவிட்டு, "சத்தம் போடாம படிங்க" என்று போய்விட்டார். அவர்கள் சத்தம் போட்டுத்தான் படித்தார்கள். இப்போது திட்டும்போது யாரும் புத்தகத்தைப் பார்க்கவில்லை. கழுத்தை நிமிர்த்தி மாடியைப் பார்த்துத் திட்டினார்கள்.

நாலாவது நாள் பாக்கியமேரி வந்தாள். மகளை நடவுக்கு அனுப்பாததால் அவளையும் ஏகாம்பரம் வரப்பிலிருந்தே திருப்பி அனுப்பியிருந்தார். மகளைத் தேடிவந்து, கீழ்ப்படியில் நின்று அத்தனை பேரையும் ஏற இறங்கப் பார்த்தாள். இன்னொரு அடி விழும் என்று ஷாரோன் முகத்தைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள்.

"பன்னண்டு வருசம் சேத்துல நின்னு படிக்க வெச்ச பேப்பரா மேல கீது?" என்று கேட்டாள் பாக்கியமேரி.

"ஆமாம்மா."

பாக்கியமேரி புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு கீழ்ப்படியிலேயே உட்கார்ந்தாள். காலை நீட்டிக்கொண்டாள். "படிங்கடி" என்றாள்.

அதற்கு மறுநாள் ஏகாம்பரம் வந்தார். பின்னால் ஜெயப்பிரியா. மாப்பிள்ளை வீட்டார் பெண்ணின் டிகிரி சான்றிதழைக் கண்ணால் பார்க்கவேண்டும் என்றிருக்கிறார்கள். படியின் கீழே பாக்கியமேரியைக் கண்டதும் நின்றார். அவள் எழுந்திருக்கவில்லை. அவரைப் பார்த்து அவள் எழாமல் இருந்தது அதுதான் முதல் தடவையாக இருக்கும். அவள் கை புடவைத் தலைப்பை முறுக்கிக்கொண்டே இருந்தது.

"நவுரு" என்றார்.

அவள் கொஞ்சமாகக் காலை மடக்கினாள். அவர் வேட்டியைப் பிடித்துக்கொண்டு, சுவரோடு தோளை உரசி, ஒவ்வொரு பெண்ணாகத் தாண்டி ஏறினார். ஷாரோனைத் தாண்டும்போது கீழே பார்க்கவில்லை. மேலே அவர் குரல் உயர்வது கேட்டது. நான் யாருன்னு தெரியுமா? வசந்த்குமாரின் குரல் உயரவே இல்லை.

"யாரா இருந்தாலும் பேப்பர் காஞ்சிபுரம் ஆபீஸ்ல கீதுங்க. நாளைக்கு வாங்க."

ஒருத்தி வாய்பொத்திச் சிரித்தாள். பாக்கியமேரி சிரிக்கவில்லை. ஏகாம்பரம் இறங்கி வந்தபோது அவர் முகம் கறுத்திருந்தது. யார் காலையோ மிதித்துவிட்டு நிற்காமல் போய் பைக்கை உதைத்தார். பின்னால் இறங்கிக்கொண்டிருந்த ஜெயப்பிரியா நடுப்படியில் நின்றாள். பிறகு ஷாரோனுக்குப் பக்கத்தில், சுவருக்கும் அவளுக்கும் நடுவே இருந்த சின்ன இடத்தில் உட்கார்ந்தாள்.

"எதுக்கு குந்துற?" என்றாள் ஷாரோன். "அன்னிக்கு வாயத் தொறந்தியா நீ?"

"தொறக்கல."

"அப்ப இன்னாத்துக்கு வந்து ஒட்ற?"

"என் பேப்பரும் அந்தப் பீரோலதான் கீது."

ஷாரோன் அவளைப் போகச் சொல்லவில்லை. இடம்கொடுத்து நகரவும் இல்லை. "ஏறுடி" என்று கீழே ஏகாம்பரம் கத்தினார். எஞ்சினை முறுக்கினார். அன்றைக்கு எடுத்திருந்த கப்பல் கதையில் இளமதிக்கு வரி தவறியது. விரலை வைத்துத் தேடிப் பிடித்து, பைக் சத்தத்துக்கு மேலே தன் குரலை ஏற்றிப் படித்தாள். அவர் இன்னும் முறுக்கினார். அவள் இன்னும் ஏற்றினாள். வேதகிரி டீக்கடையை விட்டு நடுத்தெருவுக்கு வந்து நின்றார். மேலே கதவைப் பூட்டிவிட்டுச் சாப்பாட்டுக்குக் கிளம்பிய வசந்த்குமார், சாவிக்கொத்தைக் கையில் பிடித்தபடி மேல்படியில் நின்றான். கீழே வரைக்கும் கால்களாக இருந்தன. அவன் தொண்டையைச் செருமினான். ஒருத்தியும் காலை மடக்கவில்லை.