பூம்பாறைப் பூண்டு வாசம் இழந்த கதை

1958 தை மாதம் லீலா இறந்த காலையில், பூம்பாறைப் பூண்டு அத்தனையும் வாசத்தை இழந்தது. பரணில் தொங்கியது, களத்தில் காய்ந்தது, அம்மியில் பாதி நசுங்கிக் கிடந்தது எல்லாம் ஒன்றுபோல. அந்த வாரம் உருளைக்கிழங்கு விலையும் இறங்கியிருந்தது.

வாசம் ஊரைவிட்டுப் போகவில்லை. லீலாவின் புருஷன் ஞானவேலின் அடுப்படியில் இருந்தது. அவன் மதுரையில் வேதியியல் படித்துவிட்டு ஊர்ப் பள்ளிக்கூடத்தில் வாத்தியாராக இருந்தான். முந்தின ஐப்பசி மழையில் படிக்கட்டு வயலின் கல்கட்டு சரிந்தபோது லீலாவுக்கு ஒரு கல் கிடைத்தது. வெள்ளிபோல் மின்னியது, ஈயம்போல் கனத்தது, நகம் பட்டால் கீறல் விழுந்தது. தங்கமும் தெலுரியமும் கலந்த தாது என்றான் ஞானவேல். சுட்டால் தெலுரியம் புகையாகப் போய்விடும், தங்கம் வேர்த்து நிற்கும்.

“அப்ப எனக்கொரு மூக்குத்தி வேர்க்கட்டும்ங்க” என்றாள்.

பூம்பாறையில் பூண்டைப் பரணில் கட்டி, கீழே அடுப்பு மூட்டிப் புகை போடுவது வழக்கம். எந்த வீட்டுப் புகையையும் யாரும் ஏனென்று கேட்பதில்லை. தங்கம் என்று தெரிந்தால் ஊர் கூடிவிடும், கதவைச் சாத்திக்கொள் என்று சொல்லிவிட்டு ஞானவேல் பள்ளிக்கூடம் போனான். தினமும் போனான். உள்ளே லீலா கல்லை அடுப்பில் சுட்டாள், சுடர் ஓரம் பச்சை கலந்த நீலமாக எரிந்தது. லீலாவின் மூச்சில் பூண்டு நாற ஆரம்பித்தது. தெலுரியப் புகை விஷம், உள்ளே போனால் மூச்சு அப்படித்தான் நாறும். அவன் படித்த புத்தகத்தில் அதற்கு ஒரு வரி இருந்தது. வேறு ஊரில் யாராவது பயந்திருப்பார்கள். பூண்டு உரிக்கவே முகம் சுளித்த பழனிக்காரி அவள்.

“இப்பத்தான்டி ஒன் வாயி நம்ம ஊரு வாயி ஆயிருக்கு” என்று பக்கத்து வீட்டு அத்தை பிச்சையம்மாள் சிரித்தாள். ஞானவேலும் சிரித்தான்.

அவளை எரித்துவிட்டு வந்து அவன் அடுப்படியைப் பூட்டினான். சாப்பாடு பஸ் நிற்கும் இடத்துக் கடையில். வெள்ளனே எழுந்து உள்ளே போய், கதவைத் தாழிட்டு, மூச்சை இழுத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். வடுகபட்டி வியாபாரிகள் பூண்டை முகர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்கள். அவன் அடுப்படி வாசற்படியில் யாரோ காய வைத்த பூண்டில் மட்டும், கதவிடுக்கை ஒட்டிக் கிடந்தவற்றுக்கு வாசம் திரும்பியது. ஊருக்கு அது போதும், விஷயம் புரிந்துவிட்டது. கெஞ்சினார்கள், ஏசினார்கள். அவன் திறக்கவில்லை. மூன்றாம் விளைச்சலும் கெட்டபின், பூண்டை நம்பியிருந்த சின்னக்கருப்பன் குடும்பம் ஆடலூர் காப்பித் தோட்டத்துக்குக் கூலிக்குப் போனது. பிச்சையம்மாளும் மூட்டை கட்டினாள். போகும்முன் வந்து கதவைத் தட்டினாள்.

“ஏலே ஞானவேலு, தெறடா.”

“உள்ள அவ மூச்சு கெடக்கு அத்தை.”

“கெடக்கட்டும். உசுரோட இருக்கையிலயும் அவளச் சாத்தித்தானலே வச்சிருந்த?”

உள்ளே அவன் எழுந்து வரும் சத்தம் கேட்டது. பிறகு தாழ் விலகியது.

சோலி கிடக்கிற பொம்பளைபோல வாசம் வெரசாக வெளியே வந்தது. வாசலில் நின்றவனை இடித்துக்கொண்டு போனது, நிற்கவில்லை. படிக்கட்டு வயல்களில் ஒவ்வொன்றாக இறங்கியது. மத்தியானத்துக்குள் ஊர் முழுக்கப் பூண்டு நாறியது. பிச்சையம்மாள் மூட்டையை அவிழ்த்தாள். அடுப்படியில் சாம்பல் வாடை மட்டும் மிஞ்சியது, அடுப்பு மேட்டில் கடுகளவு தங்கமும். அதை யாரும் எடுக்கவில்லை.

இப்போதும் பூம்பாறையில் பூண்டுத் தோலை அடுப்பில் போட்டால் சுடர் ஓரம் பச்சை கலந்த நீலமாக எரிகிறது. பெண்கள் எழுந்துபோய்க் கதவைத் திறந்து வைத்துவிட்டு வந்து குழம்பைக் கிளறுகிறார்கள்.