ஆறு நாற்காலியும் ஒரு கையெழுத்தும்

சகல ஜனங்களுக்கும் இதனால் தெரியப்படுத்துவது என்னவென்றால்: ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தொன்பதாம் வருஷம், சித்திரை மாதம், திங்கட்கிழமை காலை ஏழரை மணிக்கு, மலாயா, உலு திராம் கித்தாத் தோட்டத்து ரப்பர்ப் பால்வெட்டுக்காரி காளியம்மாளின் ஏக புத்திரன் அர்ச்சுனன் அவர்கள், செடெனாக்கை அடுத்த ஒரு கித்தாத் தோட்டத்தில் மாதம் முப்பத்தைந்து வெள்ளி சம்பளத்துக்கு ஆபீசில் எழுத்து வேலை பார்க்கும் சின்னக் கிராணியாகப் பொறுப்பேற்றார்கள். அன்று கதிரவன் வழக்கம்போல் கிழக்கில்தான் உதித்தான். தோட்டத்தில் மரங்கள் வழக்கம்போல் பால் சொட்டின. இவ்வளவு பெரிய சம்பவம் நடந்ததை இரண்டும் கவனித்ததாகத் தெரியவில்லை.

இனி அவரை அவன் என்றே சொல்லலாம், வயது பத்தொன்பதுதான்.

ஆபீசுக்குப் பின்னால் பலகை வீடு ஒன்று கொடுத்தார்கள். இரண்டு அறை, தகரக் கூரை, ஓர் அடுப்பு. அதுவரை அர்ச்சுனன் தனியாக இருந்ததில்லை. பன்னிரண்டு வயதுவரை கூலிகளின் வரிசை வீடான லயத்தில் ஆத்தாவோடு இருந்தான். பிறகு தம்போய் ஊரில் சித்தப்பா வீட்டில் ஓரமாகப் படுத்துக்கொண்டு, ஜொகூர் பாருவில் ஆங்கிலப் பள்ளிக்கூடம் போனான். அதற்கான பணம் காளியம்மாள் பால்வெட்டும் கத்தி பிடித்துச் சம்பாதித்தது. ஏழு வருஷப் படிப்பில் அவன் அதிகம் பழகிக்கொண்ட வித்தை தன் பெயரை ஆங்கிலத்தில் எழுதுவது. முதல் எழுத்து யானைபோல் எழுந்து நிற்கும்; கடைசி எழுத்தின் வால் பின்னால் சுழன்று வந்து, பெயருக்கடியில் இரண்டு கோடாக ஓடி, இரண்டு புள்ளியில் முடியும். அவன் அப்பனும், அப்பனுக்கு அப்பனும் கப்பலேறியதும் கைநாட்டுத்தான், கணக்குத் தீர்த்ததும் கைநாட்டுத்தான். அந்தக் குலத்தில் முதல் கையெழுத்து இது. அதைப் போட ஓர் இடம் கிடைக்காமல் அவன் விரல்கள் ஊறிக்கொண்டிருந்தன.

முதல் நாள் சாயங்காலமே இடம் கிடைத்தது. தோட்டத்துக் கடையில் ஆட்கள் வரிசையாக நின்று அரிசி, கருவாடு, மண்ணெண்ணெய் வாங்கி, கடன் நோட்டில் மைக்கட்டையில் தொட்ட கட்டைவிரலை அழுத்திக்கொண்டிருந்தார்கள். கடைக்காரர் தங்கராஜு இவனைக் கண்டதும் எழுந்து, மேல்துண்டால் பெஞ்சைத் துடைத்தார்.

"வாங்க ஐயா. புதுக் கிராணி ஐயாவுங்களா? உக்காருங்க."

அர்ச்சுனனை ஐயா என்று அழைத்த முதல் மனிதர் அவர். அந்த ஒரு சொல்லுக்கு அவன் பின்னால் கொடுத்த விலையைப் பார்த்தால், மலாயாவில் அன்றைக்கு அதைவிட விலை உயர்ந்த சரக்கு வேறெதுவும் இருந்திருக்க முடியாது.

அவன் ஒரு படி அரிசியும் ஒரு துண்டுக் கருவாடும் வாங்கத்தான் போனான். பக்கத்தில் ஆட்களும் அதையே வாங்குவதைப் பார்த்ததும், டின் மத்தி மீன் இரண்டும் பிஸ்கோத்து ரொட்டி டின் ஒன்றும் கேட்டான். விலை கேட்கவில்லை. விலை கேட்பது லயத்துக்காரர் பழக்கம்.

"சம்பளம் வந்ததும்..." என்று இழுத்தான்.

"காசா? ஐயாகிட்டக் காசு யாரு கேட்டா?" தங்கராஜு மைக்கட்டையைத் தள்ளிவிட்டு, வேறொரு நோட்டைத் திருப்பி, பேனாவை நீட்டினார். "ஒரு கையெழுத்துப் போடுங்க, போதும்."

யானை எழுந்தது, வால் சுழன்றது, இரண்டு கோடு, இரண்டு புள்ளி. வரிசையில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். "அடேயப்பா, கொடி படர்ந்த மாதிரி இருக்கே!" என்றார் தங்கராஜு.

அன்று இரவு அர்ச்சுனன் சோறு வைத்தான். கீழே கருகி, மேலே வேகாமல், நடுவில் களியாக இருந்தது. ரொட்டியைத் தின்றுவிட்டுப் படுத்தான். மறுநாள் முதல் சமையலுக்கு ஓர் ஆள் வைத்துக்கொண்டான். தனியாக வாழ்வதற்கு அவன் கற்க வேண்டிய முதல் பாடம் அப்படியாக மாதம் ஆறு வெள்ளியில் ஒழிந்தது.

இங்கே ஒன்று சொல்லிவிட வேண்டும். அர்ச்சுனன் கள் குடிக்கவில்லை, சூதாடவில்லை. வாங்கியதெல்லாம் ஆத்தாவுக்காகத்தான். காளியம்மாளுக்குக் கால் வீக்கம். விரலால் அழுத்தினால் குழி விழுந்து அப்படியே நிற்கும். "மலைக்காட்டுப் பால்வெட்டுக்குப் போகாதே, உட்கார்ந்து சாப்பிடு" என்று உலு திராம் ஆஸ்பத்திரி டிரஸ்ஸர் சொல்லிவிட்டார். மகனுக்கு வேலை கிடைத்ததும் அவளை அழைத்துக்கொள்வது என்பது ஏற்பாடு. முப்பத்தைந்து வெள்ளியில் இரண்டு பேர் தாராளமாகச் சாப்பிடலாம். மறுநாளே ரயிலேற்றி அழைத்து வந்திருக்கலாம்.

ஆனால் கிராணியின் ஆத்தா வெறும் வீட்டுக்கு வருவதா? முதலில் நாற்காலி வேண்டும். ஆறு வாங்கினான், பெரிய கிராணி வீட்டில் ஆறு இருந்தது. பிறகு நிலைக்கண்ணாடி வைத்த அலமாரி. ஆத்தா வந்தால் மருந்து வாங்க ஓட வேண்டுமே என்று ஒரு சைக்கிள். சைக்கிளில் போகிறவன் வெறுங்காலோடு போக முடியாதென்று சப்பாத்து. சப்பாத்துக்குப் பொருத்தமாகத் தொப்பி. கடையில் இல்லாததைத் தங்கராஜு பட்டணத்திலிருந்து தருவித்தார். ஒவ்வொன்றுக்கும் ஒரு கையெழுத்து. நோட்டில் இடதுபக்கம் பொருள், நடுவில் விலை, வலதுபக்கம் ஒப்பம். அர்ச்சுனன் வலதுபக்கத்தை மட்டும் பார்த்தான்.

தீபாவளிக்குக் காளியம்மாள் தானே புறப்பட்டு வந்தாள். வீட்டை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தாள்.

"நாக்காலில உக்காரு ஆத்தா."

"சீலையில பால் கறை இருக்குடா. ஒட்டிக்கும்." நாற்காலிகளை ஒவ்வொன்றாக எண்ணினாள். "ஆறு இருக்கே. நீ ஒருத்தந்தானடா?"

"வர்றவங்க உக்கார வேணாமா? பெரிய கிராணி வருவாரு."

"வந்திருக்காரா?"

"வருவாரு."

"எம்புட்டு ஆச்சு இதெல்லாம்?"

"காசு குடுக்கல ஆத்தா. கையெழுத்துத்தான்."

காளியம்மாள் மகன் முகத்தையே பார்த்தாள். "எனக்கு எழுத்துத் தெரியாது சாமி. ஆனா சும்மா குடுக்கற கடய நான் இந்தச் சீமையில பாத்ததில்ல."

அவன் சிரித்தான். அவள் காலை நீட்டி, கணுக்காலைப் பிடித்துவிட்டுக்கொண்டே கேட்டாள்: "நான் எப்ப வரட்டும்?"

"கட்டில் ஒண்ணு வந்துரட்டும். கிராணியோட ஆத்தா தரையில படுத்தா நாலு பேரு சிரிப்பாங்க."

"நாப்பது வருசமா தரையிலதான் படுத்தேன். யாரு சிரிச்சா?"

மறுநாள் அவள் உலு திராமுக்குத் திரும்பினாள். ஆறு நாற்காலியும் அவளை வழியனுப்பின.

அடுத்த வருஷம் கித்தா விலை விழுந்தது. தோட்டத்தில் ஆள் குறைத்தார்கள். அர்ச்சுனன் சம்பளம் இருபத்தைந்து ஆயிற்று. மாதாமாதம் சம்பள நாளில் தங்கராஜு வாங்கிக்கொண்டது போக அவன் கையில் பதினொரு வெள்ளி நின்றது, பிறகு நாலு, பிறகு ஒன்றும் நிற்கவில்லை. சமையல் ஆள் சொல்லாமல் போய்விட்டான். கடையிலும் ஒரு மாற்றம் தெரிந்தது. சித்திரையில் ஐயாவாக இருந்தவன் வைகாசியில் தம்பி ஆனான். ஆனியில் வெறும் அர்ச்சுனன்.

"இங்க பாரு அர்ச்சுனா, எனக்குச் சரக்குப் போடறவன் என் கழுத்தப் பிடிக்கிறான். நூத்திப் பதினெட்டு வெள்ளி. இந்த மாசக் கடைசி. இல்லேன்னா நோட்ட எடுத்துக்கிட்டுத் தொரைகிட்டத்தான் போவணும்."

"நூத்திப் பதினெட்டா? எப்பிடி?"

"எப்பிடின்னா? எல்லாத்துக்கும் கீழ உன் கையெழுத்துத்தானே இருக்கு. கொடி படர்ந்த மாதிரி."

கடனாளிக் கிராணியைத் தோட்டத்தை நடத்தும் வெள்ளைக்காரத் துரை ஒரு நாள்கூட வைத்துக்கொள்ள மாட்டார். ஆள் குறைக்கிற காலத்தில் இன்னொரு வேலையும் கிடைக்காது. சைக்கிளையும் அலமாரியையும் திருப்பி எடுத்துக்கொள்ளச் சொன்னான். ஊரெல்லாம் விற்கிறார்கள், வாங்க யார் இருக்கிறார்கள் என்றார் தங்கராஜு. அர்ச்சுனன் தொப்பி, சப்பாத்து சகிதம் ரயிலேறி, ஜொகூர் பாருவில் இறங்கி, பஸ் பிடித்து உலு திராம் லயத்துக்குப் போனான். உண்மையைச் சொல்லியிருக்கலாம். தொப்பி விடவில்லை.

"வேலைய நிரந்தரம் பண்றாங்க ஆத்தா. அதுக்கு ஜாமீன் பணம் நூத்தி இருபது கட்டணுமாம்."

காளியம்மாள் காதுத் தோட்டைக் கழற்றினாள். அது நாற்பது வெள்ளி பெறும். மிச்சத்துக்குக் கங்காணி ஐயாசாமி வீட்டுக்கு நடந்தாள். பக்கத்து அறைக்காரி வெள்ளையம்மா துணைக்குப் போனாள். ஐயாசாமி சீட்டு எழுதி மைக்கட்டையை எடுத்து வைத்தார்.

"படிங்க" என்றாள் காளியம்மாள்.

படித்தார்.

"இன்னொருக்காப் படிங்க."

படித்தார். மாதம் ஐந்து வெள்ளி பிடித்தம், பதினாறு மாதம், அதுவரை வேலையை விட்டுப் போகக் கூடாது.

"என்னா காளியம்மா, கோயில்ல கதையா படிக்கிறேன்? வெய்யி விரல!"

"மூணாந்தரமும் படிங்க கங்காணி. இந்த விரல நான் இதுவரைக்கும் கடனுக்கு வெச்சதில்ல."

மூன்றாம் தரமும் படித்தார். அவள் கைவிரலை மடக்கி மடக்கிக் கூட்டிப் பார்த்தாள். எண்பது சரியாக வந்தது. பிறகுதான் ரேகை வைத்தாள்.

"காலு இப்பிடி இருக்கறப்ப பதினாறு மாசமா?" என்றாள் வெள்ளையம்மா. அர்ச்சுனன் தொப்பியைக் கையில் வைத்துத் திருப்பிக்கொண்டு நின்றான். "ஆத்தா, வேணாம்னா..." என்று ஆரம்பித்தான். முடிக்கவில்லை. அவள் முடிக்க விட்டிருக்கவும் மாட்டாள்.

பணத்தைக் கொண்டுபோய்க் கடையில் கட்டினான். தங்கராஜு இரண்டு தரம் எண்ணிப் பெட்டியில் போட்டுவிட்டு, மேல்துண்டால் பெஞ்சைத் துடைத்தார்.

"உக்காருங்க ஐயா. கோவிச்சுக்கக் கூடாது, யாவாரம் அப்பிடி. இரும்புக் கட்டில் ஒண்ணு வந்திருக்கு. அம்மாவுக்குக் கேட்டுக்கிட்டிருந்தீங்களே?"

ஐயா என்ற சொல் திரும்பி வந்துவிட்டது. ஆத்தாவைச் சீக்கிரம் அழைத்துவிட வேண்டும் என்று அர்ச்சுனன் மனம் அப்போது உண்மையாகவே துடித்தது. பேனாவை வாங்கினான்.

ஏழு மாதம் கழித்து, தை பிறந்த மறுவாரம், ஆபீசுக்குத் தந்தி வந்தது. பெரிய கிராணி படித்துச் சொன்னார்: காளியம்மாளுக்கு ஆபத்து. சேர்ந்தாற்போல் இரண்டு நாள் மழையில் வேலையும் கூலியும் இல்லை, மூன்றாம் நாள் விடியலில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு எழுந்து போயிருக்கிறாள். பிடித்தத்துக்கு ஒரு நாள் குறைந்தால் பதினாறு மாதம் பதினேழாகும் என்று அவளுக்குத் தெரியும். முப்பதாவது மரத்தடியில் உட்கார்ந்தவள் எழவில்லை. அர்ச்சுனன் போய்ச் சேர்ந்தபோது மாலை நாலு மணி. ஆபத்து நீங்கிவிட்டிருந்தது. லயத்து வாசலில் பாயில் கிடத்தியிருந்தார்கள். காதில் தோட்டுக்குப் பதில் வேப்பங்குச்சி இருந்தது.

அவன் காலடியில் விழுந்து அந்தக் கணுக்காலைப் பிடித்துக்கொண்டான். விரல் பதிந்த இடத்தில் குழி விழுந்து அப்படியே நின்றது.

"கட்டில் வாங்கிட்டேன் ஆத்தா" என்று அழுதான். "கட்டில் வாங்கிட்டேன்."

"யாருக்குடா?" என்றாள் வெள்ளையம்மா. அவள் அழவில்லை. "ஜாமீனுன்னு சொன்னியே, அது பொய்யின்னு அன்னிக்கே அவளுக்குத் தெரியும். நீ கடன்ல மாட்டிக்கிட்டன்னு உன் சப்பாத்தப் பாத்துத்தான் தெரிஞ்சுக்கிட்டா. வேல போயிரும் பிள்ளைக்கின்னுதான் விரல வெச்சா."

அர்ச்சுனன் நிமிரவில்லை.

"ஒரு ரேகை வெக்கறதுக்கு மூணு தரம் படிக்கச் சொன்னா, எழுத்தே தெரியாதவ. நீ ஏழு வருசம் படிச்சியே, எத்தன தரம் கையெழுத்துப் போட்டிருப்ப? ஒரு தரமாச்சும் மொத்தம் எம்புட்டுன்னு பாத்தியா? தனியாக் குடித்தனம் பண்றவனுக்குக் கையெழுத்துப் போடத் தெரிஞ்சாப் பத்தாதுடா. கூட்டிப் பாக்கத் தெரியணும். நீ போட்ட ஒவ்வொண்ணும் உன்னோட நாளைய சம்பளத்த இன்னிக்கே வித்த சீட்டு. உன் சம்பளம் தீந்து போச்சு, அப்புறம் இவ காலையும் சேத்து வித்துட்ட."

இளைஞர்கள் இதைக் காதில் போட்டுக்கொள்ள வேண்டும். ஐயா என்று அழைப்பவனிடம் விலை கேட்க வெட்கப்படுகிறவன், வேறு யாரையோ அந்த விலையைக் கொடுக்க வைக்கிறான். வரவுக்குள் செலவு என்பதைப் பள்ளிக்கூடத்தில் சொல்லித் தருவதில்லை; நாற்காலி வாங்குவதற்கு முன்னால் தெரிந்துகொள்வது நல்லது.

அர்ச்சுனனுக்கும் அது அன்று தெரிந்துவிட்டது. ஆத்தாவின் தலைமாட்டில் நின்று, இனி என் ஆயுசில் கடன் சீட்டில் பேனா தொட மாட்டேன் என்று வாய்விட்டுச் சத்தியம் செய்தான். சுற்றியிருந்தவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். வெள்ளையம்மாகூட முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

கங்காணி ஐயாசாமி கூட்டத்திலிருந்து முன்னால் வந்தார்.

"இருட்டுமுன்ன எடுக்கணும் தம்பி. ஆத்தாவ வெக்கப் பலகைப் பெட்டி சொல்லி, ஆறு வெள்ளி நான் குடுத்திருக்கேன். பழைய பாக்கி ஒம்பது மாசம், நாப்பத்தஞ்சு."

சீட்டை நீட்டினார். ரயில் கட்டணம் போக அர்ச்சுனன் பையில் நாற்பது காசு இருந்தது. வாழ்க்கையில் முதன்முறையாக அவன் நடுவில் இருந்த தொகையைப் படித்தான். கைவிரலை மடக்கிக் கூட்டிப் பார்த்தான். ஐம்பத்தொன்று. கணக்குச் சரியாக இருந்தது.

கையெழுத்துப் போட்டான்.