இரண்டாம் நம்பர் ஜா

1.

இந்தக் கதை என் மேசை விசிறியிலிருந்து வந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். அதன் தண்டு தேய்ந்து கடகடவென்று சத்தம் போட்டது. பக்கத்துத் தெரு லேத் பட்டறையில் கொடுத்துச் சரிசெய்து வாங்கி வந்தேன். சத்தம் நின்ற பிறகுதான் வீட்டில் வேறு யாரும் இல்லை என்பது உறைத்தது. மறுநாள் ஒரு காரணமும் இல்லாமல் பட்டறைக்குப் போனேன். கதை தேடிப் போனதாக வைத்துக்கொள்ளுங்கள், என் மரியாதை கொஞ்சம் மிஞ்சும்.

2.

முதல் தொடக்கம்: "டர்னரின் கைகள் எஃகைப் போல..." வேண்டாம். அவர் கைகள் கைகளைப் போலத்தான் இருந்தன.

இரண்டாம் தொடக்கம்: "ஒரு காலத்தில் அந்தப் பட்டறையில் இரண்டு லேத்துகள் இருந்தன." இது பரவாயில்லை. ஒன்றில் அவர், மற்றதில் அவர் மனைவி. இருவருமே டர்னர்கள், லேத்தில் இரும்பு கடைபவர்கள்.

[கதையை நிறுத்திக் கொஞ்சம் இரும்பு. லேத்தின் முகப்பில் சுற்றும் வட்டமான பிடிக்குச் சக் என்று பெயர். அதிலுள்ள மூன்று எஃகுத் துண்டுகள் ஒன்றாக நகர்ந்து பொருளை நடுவில் கவ்வும். அவைதான் ஜா. ஒவ்வொன்றிலும் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண் இருக்கும். அந்தந்த எண் அந்தந்தப் பள்ளத்தில் போக வேண்டும். அது மட்டும் போதாது. மூன்றும் அந்தச் சக்குக்கென்றே சேர்த்து அரைத்தவையாக இருக்க வேண்டும். வேறு சக்கின் இரண்டாம் நம்பரும் உள்ளே நுழையும், பிடிக்கும், சுற்றும். வேலை, அதாவது கடையும் பொருள், மட்டும் நடுவில் நிற்காது.]

(இங்கே குடும்ப வாழ்க்கையை ஒப்பிட்டு ஒரு வாக்கியம் எழுதி அடித்துவிட்டேன். நீங்கள் இந்நேரம் எழுதியிருப்பீர்கள்.)

3.

மாதம் ஒருமுறை இரண்டு சக்கின் ஜாக்களையும் கழற்றி ஒரே மண்ணெண்ணெய்த் தட்டில் போடுவார்களாம். மனைவி கழுவி ஒவ்வொன்றாகத் தூக்கிப் பிடித்து, "யாருது?" என்பார். இவர் பக்கவாட்டில் பொடியாக வெட்டியிருக்கும் சக் முத்திரையைப் பார்த்து, "உன்னுது", "என்னுது" என்பார்.

ஏன் பிரிந்தார்கள் என்று என்னைக் கேட்காதீர்கள். நானும் கேட்கவில்லை. பிரிந்த அன்றும் ஜாக்களைக் கழுவினார்கள், பழக்கதோஷம். ஆனால் பேச்சுவார்த்தை நின்றிருந்தது. மனைவி "யாருது?" என்று கேட்கவில்லை, இவரும் சொல்லவில்லை. எண்ணை மட்டும் பார்த்து ஆளுக்கு மூன்று எடுத்துக்கொண்டார்கள். இரண்டாவது லேத் வண்டியேறி ஊரின் மறுகோடிக்குப் போயிற்று.

மறுநாள் மையம் சரிபார்க்கும் டயல் கேஜை வைத்துப் பார்த்தால் முள் ஆடுகிறது. இரண்டாம் நம்பர் ஜா மனைவியுடையது. அப்படியென்றால் இவருடையது அங்கே.

"போய் மாத்திக்கலாமே?" என்றேன்.

"அவளும் வரலாமே, சார்."

அன்றிலிருந்து ஜாவுக்கும் வேலைக்கும் நடுவே பித்தளைத் தகட்டைச் சொருகி ஒப்பேற்றிக்கொண்டிருக்கிறார். புதிய செட் வாங்கலாமே என்றதற்கு, துடைத்த இடத்தையே திரும்பத் துடைத்தார்.

4.

இப்போது பெரிய ஆர்டர் வந்திருக்கிறது. மாதிரிக்குச் செய்து அனுப்பிய உருளைகள் மையம் சரியில்லை என்று திரும்பிவிட்டன. இதுவும் போனால் பட்டறையை மூட வேண்டியதுதான்.

"சாணைக் கல்லைக் கட்டி மூணையும் சக்குலயே வச்சு அரைச்சுடலாம்னு இருக்கேன். நூல் பிடிச்ச மாதிரி ஓடும்" என்றார்.

"அப்ப தீர்ந்தது பிரச்சினை."

"அரைச்சுட்டா அது அவ சக்குக்கு ஆகாது, சார். நாளைக்கு அவ வந்து கேட்டா, குடுக்க என்கிட்ட ஒண்ணும் இருக்காது."

5.

இவரை எனக்குத் தெரியும். அந்த அம்மாவைத்தான் எழுத வரவில்லை. முகவரி கேட்கவும் வாய் வரவில்லை. எனவே மேசையிலிருந்தபடியே போய்ப் பார்த்தேன்.

"மறுகோடியில், தகரக் கதவு போட்ட..." இல்லை. "அவர் என்னை நிமிர்ந்து பார்க்காமல்..." அதுவும் இல்லை.

கடைசியில் இப்படி வந்தது. அந்த அம்மாவின் இரண்டாம் நம்பரிலும் பித்தளைத் தகடு.

"அரைச்சா சரியாயிடுமே" என்றேன்.

"ஆயிடும்."

"ஏன் அரைக்கல?"

"அது அவருது."

எழுதி முடித்ததை நானே இரண்டு முறை படித்தேன். நான் அங்கே போகவே இல்லை என்பதை எனக்கே நினைவுபடுத்த வேண்டியிருந்தது. அதனால் நேர்மைக்காக இன்னொன்றும் எழுதினேன். அதில் அந்த அம்மா போன வாரத்திலேயே அரைத்துவிட்டார். "வேலை நடக்கணும்ல?" என்கிறார், சக்கை நிறுத்தாமலே. அதுவும் பொய்யாகத் தெரியவில்லை.

6.

இங்கே கதையை முடிப்பதாக இருந்தேன். இன்று காலை டர்னர் வீட்டுக்கு வந்துவிட்டார். இதுவரை வந்ததில்லை. எதிர் நாற்காலியில் கிடந்த துணிகளை அள்ளி அவரை உட்காரவைத்தேன்.

"கல்லைக் கட்டிட்டேன், சார். சுவிட்சுதான் போடலை."

சத்தமில்லாமல் சுற்றும் விசிறியை ஒரு டர்னரின் திருப்தியோடு பார்த்தார். பிறகு மேசைமேல் இருந்த தாள்களைப் பார்த்தார்.

"எங்களைப் பத்தி எழுதறேன்னீங்களே. அதுல அவ என்ன சொல்றா?"

"அது நானா எழுதினதுங்க. நான் அவங்களைப் பார்த்ததுகூட இல்லை."

"தெரியும். சும்மா படிங்க."

இரண்டு பிரதிகளும் என் கையில் இருக்கின்றன. முதலாவதைப் படித்தால் ஜாவைத் துணியில் சுற்றிக்கொண்டு ஊரின் மறுகோடிக்குக் கிளம்பிவிடுவார். அந்தக் கதவு எப்படித் திறக்கும் என்று எனக்குத் தெரியாது. இரண்டாவதைப் படித்தால் நேரே போய்ச் சுவிட்சைப் போடுவார். எதைப் படித்தாலும் எழுந்து போய்விடுவார்.

எதைப் படிக்கட்டும்? நீங்கள்தான் சொல்ல வேண்டும். ஆனால் அவசரம் ஒன்றும் இல்லை, மெதுவாகவே யோசியுங்கள். டீ போடுகிறேன், குடித்துவிட்டுத்தான் போக வேண்டும் என்று அவரிடம் சொல்லியிருக்கிறேன்.