ரோமாபுரிக்கு ஒரு மனு

ரோமாபுரிக்குப் போவதென்று மேலகரம் ஆவுடைத்தாய் முடிவு கட்டியபோது ஊரே வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது. சிரிக்கட்டும். அவள் ஆலங்குளத்தைத் தாண்டாதவள்தான். ஆனால் தென்காசியில் ரயிலேறி, மதராஸ், பம்பாய், அப்புறம் கப்பல், நேப்பிள்ஸில் இறங்கி மறுபடி ரயில் என்று வழி முழுவதையும் பட்டாளத்திலிருந்து திரும்பிய ஒருவனிடம் கேட்டு மனப்பாடம் செய்திருந்தாள். வழிக்கு அவலும் இடித்தாயிற்று. கப்பல் கூலிக்கு விற்கச் சீதன வயல் இருந்தது.

அவள் புருஷன் மந்திரமூர்த்தி சண்டையில் காயம்பட்டு ரோமாபுரி ஆஸ்பத்திரியில் கிடப்பதாக 1944-இல் கடிதம் வந்தது. பிறகு, காணவில்லை என்று சர்க்கார் தாள் ஒன்று. இரண்டு வருஷமாகக் கொழுந்தன் சங்கரபாண்டி, கருமாதி செய்துவிடலாம் என்று மாதம் தவறாமல் வந்து நின்றான். கெட்டவன் இல்லை, அண்ணன் ஆவி அலையக் கூடாதே என்ற கவலை அவனுக்கு. காணவில்லை என்றால் தேட வேண்டும், அதற்கு யாராவது கருமாதி செய்வார்களா என்று கேட்டு, தாலியைக் கழற்ற மறுத்துவிட்டாள்.

பாஸ்போர்ட்டுக்கு எழுத, தாலுகா கச்சேரி வாசலில் மனு எழுதும் அப்துல் ஜப்பாரிடம் போனாள். பேர், வயசு, அங்க அடையாளம் என்று கடகடவென்று எழுதியவர் ஓரிடத்தில் பேனாவைத் தூக்கிவிட்டார். கலியாணமானவள் என்றால் புருஷன் சம்மதித்துக் கையெழுத்துப் போட வேண்டுமாம். விதவை என்றால் கிராம முன்சீப் நேரில் பார்த்து அத்தாட்சி கொடுத்தால் போதுமாம்.

ஆவுடைத்தாய் திகைத்துப்போனாள். உயிரோடு இருப்பவரைத் தேடிப் போக, அவர் செத்துவிட்டார் என்று அவளே சொல்ல வேண்டும். எந்தப் புண்ணியவான் போட்ட சட்டமோ!

ஜப்பாருக்கும் மனசு கேட்கவில்லை. மேலிடத்துக்கு மகஜர் போட்டுப் பார்க்கலாம், ஒரு வருஷம் ஆகும் என்றார். ஒரு வருஷமா? அதுவரை அங்கே அவருக்கு யார் கஞ்சி ஊற்றுவார்கள்? அவள் கை தானாகக் கழுத்துக்குப் போனது.

"விதவைன்னே எழுதுங்க அண்ணாச்சி."

"தாயி, முன்சீப் நேருல வந்து பாப்பாரு."

"பாக்கட்டும். நாளைக்கே கொழுந்தன்கிட்ட கருமாதிக்குச் சொல்லிருதேன். அவுகளைக் கண்டதும், உங்களைத் தேடி வரத்தான் தாலியறுத்தேன்னு சொல்லி, அங்கனயே திருப்பிக் கட்டச் சொல்லுவேன்."

ஜப்பார் தலையைக் குனிந்துகொண்டு எழுதினார். அவள் பெருவிரலில் மை தடவி, அந்த வார்த்தை எது என்று கேட்டுத் தெரிந்துகொண்டாள். அதன்மேல் படாமல், தள்ளிக் கீழே ரேகை வைத்தாள்.