உப்பு கூடிய நாள்

மூன்றாவது தாளில் கையெழுத்துப் போடும்போது பேனா மக்கர் பண்ணியது. மகள் அதை உதறினாள், மறுபடி உதறினாள், பிறகு மேசைமேல் வீசினாள். பிணவறை எழுத்தர் தன் சட்டைப் பையிலிருந்த பேனாவை எடுத்து நீட்டினார். அழுகிறவர்களைப் பார்த்துப் பழகியவர், கோபப்படுகிறவர்களையும் பார்த்திருப்பார்.

அப்பா பாய்லர் இன்ஸ்பெக்டர். வருடத்துக்கு இரண்டு முறை, ஒவ்வொரு முறையும் மூன்று வாரம், இந்த ஊர்த் தொழிற்சாலைகளின் பாய்லர்களைச் சோதிக்க வருவார். எட்டு வருடமாக வந்து போனவர், முந்தாநாள் மத்தியானம் வந்த இடத்திலேயே போய்ச் சேர்ந்துவிட்டார். மாரடைப்பு.

"உடம்பை நாலு மணிக்குத்தான் தருவாங்களாம்மா," என்றார் கண்ணாடிக்காரர். கம்பெனியின் உள்ளூர் மேலாளர். அப்பா வீட்டில் அவரை அப்படித்தான் சொல்வார்; மகளுக்கும் வேறு பெயர் தெரியாது.

"எங்க சார் விழுந்தாரு? பாய்லர்கிட்டயா?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இல்லம்மா. சாப்பிட்டுட்டு இருந்தாரு. இங்க ஒரு சின்ன ஜப்பான் ஹோட்டல் இருக்கு. முதல் தடவை வந்தப்போ மழைக்கு ஒதுங்கினவரு, உள்ள போய் உக்காந்துட்டாரு. அதுக்கப்புறம் ரெண்டு வேளையும் அங்கதான். வேற எங்க கூப்பிட்டாலும் வர மாட்டாரு. அவங்க பாஷைகூட அரைகுறையாக் கத்துக்கிட்டாரு."

"எங்கப்பாவா?"

"மீனைப் பச்சையாவே சாப்பிடுவாரேம்மா."

மகள் சிரித்துவிட்டாள். பிணவறை வாசலில் நின்றுகொண்டு, சத்தமாக. எழுத்தர் தலையை நிமிர்த்திப் பார்த்தார்.

வீட்டில் சோறு ஒரு கொதி கூடினால் அப்பா தட்டைப் புறங்கையால் தள்ளுவார். வீச மாட்டார். வீசினாலாவது கோபக்காரர் என்று சொல்லிவிட்டுப் போகலாம். மெதுவாகத் தள்ளிவிட்டு எழுந்து போவார். தட்டு மேசை விளிம்புவரை நகர்ந்து விழும். அம்மா தரையில் உட்கார்ந்து ஒவ்வொரு பருக்கையாகப் பொறுக்குவாள். மகள் பத்தாம் வகுப்பில் இருந்தபோது ஒரு நாள், நூற்றுமூன்று டிகிரி காய்ச்சலில் அம்மா உப்பை இரண்டு தடவை போட்டுவிட்டாள். "நாக்கு செத்துப்போச்சா உனக்கு?" என்றார் அப்பா. அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு மறுபடி உலை வைத்தாள். முப்பத்தெட்டு வருடத்தில் 'நல்லா இருக்கு' என்ற வார்த்தையை அந்த வீட்டுச் சாப்பாட்டு மேசை கேட்டதே இல்லை.

"என்னை அங்க கூட்டிட்டுப் போங்க சார்."

"இப்பவா? நீங்க விமானத்துல வந்து இறங்கி இன்னும் ஒரு வாய் தண்ணிகூடக் குடிக்கல..."

"கூட்டிட்டுப் போங்க."

தையல் கடைக்கும் சாவி செய்கிறவரின் கடைக்கும் நடுவே ஒடுங்கிக் கிடந்தது அந்த இடம். கதவில் ஒரு காகிதம் ஒட்டியிருந்தது. இன்று கடை இல்லை என்று எழுதியிருப்பதாகக் கண்ணாடிக்காரர் சொன்னார். தட்டியதும் சமையல்காரரே கதவைத் தள்ளித் திறந்தார். எழுபதைத் தொட்ட, ஒல்லியான மனிதர். யாரென்று தெரிந்ததும் இடுப்பு வளையக் குனிந்தார். நிமிர வெகுநேரம் ஆயிற்று.

உள்ளே நீளமான மரப்பலகை, அதன் முன்னால் எட்டே எட்டு முக்காலிகள். தேய்த்துத் தேய்த்துப் பலகை வெளுத்திருந்தது. சுவரோரத்துக் கடைசி இடத்தில் ஒரு கிண்ணம் சோறும் ஒரு கோப்பையும் வைத்திருந்தார்கள். கோப்பையில் ஆவி பறந்தது.

"அப்பா உக்கார்ற இடம்," என்றார் கண்ணாடிக்காரர்.

மகள் அந்தப் பக்கம் போகவில்லை. வாசலை ஒட்டிய முக்காலியில் உட்கார்ந்தாள்.

சமையல்காரர் தன் மொழியில் நிறுத்தி நிறுத்திப் பேசினார். கண்ணாடிக்காரர் தாழ்ந்த குரலில் அதைத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தார். "உங்கப்பா மாதிரி மரியாதை தெரிஞ்ச வாடிக்கையாளரே கிடையாதாம். சாப்பிட்டு முடிச்சதும் கிண்ணத்தை அவரே எடுத்துக் குடுப்பாராம். ஒரு தடவை இவரோட சம்சாரம் ஆஸ்பத்திரியில இருந்தப்போ, ஏதோ நினைப்புல சூப்புல உப்பை அள்ளிப் போட்டுட்டாராம். மத்தவங்க எல்லாம் வெச்சிட்டுப் போயிட்டாங்க. உங்கப்பா மட்டும் கடைசிச் சொட்டு வரைக்கும் குடிச்சிட்டு, 'கைதானே, ஒரு நாள் தவறும்'னு சொன்னாராம்."

"என்ன சொன்னாரு?"

"கைதானே, ஒரு..."

"போதும்."

மகள் எழுந்துவிட்டாள். முக்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது. "இவர்கிட்டச் சொல்லுங்க. எங்கம்மா கையும் கைதான்னு சொல்லுங்க. காய்ச்சலோட நின்னு ஆக்கினதைத் தள்ளிவிட்டுட்டுப் போன மனுஷன் எங்கப்பான்னு சொல்லுங்க. வீட்டுல ஒரு டம்ளரை எடுத்து வெச்சதில்ல. இங்க வந்து கிண்ணம் எடுத்துக் குடுத்தாராமே, கிண்ணம்!"

"வேண்டாம்மா. செத்தவரைப் பத்தி..."

"செத்துட்டா? செத்துட்டா எல்லாம் சரியாயிடுமா? ஒரு வார்த்தை விடாம சொல்லுங்க சார்!"

கண்ணாடிக்காரர் சொன்னார். எல்லாவற்றையும் சொன்னாரா என்று அவளுக்குத் தெரியாது. ஆனால் சமையல்காரரின் முகம் மாறியது. அவர் விழுந்த முக்காலியை நிமிர்த்தி வைத்தார். ஈரமில்லாத பலகையைத் துணியால் துடைத்தார். பிறகு, யாரிடமோ மன்னிப்புக் கேட்கிறவர்போல, ஒரே ஒரு வாக்கியம் பேசினார்.

கண்ணாடிக்காரர் அதைத் தமிழில் சொல்லத் தயங்கினார்.

"சொல்லுங்க."

"ஒவ்வொரு தடவையும் சாப்பிட்டு எந்திரிக்கும்போது உங்கப்பா சொல்வாராம். ரொம்ப நல்லா இருக்கு, ஆனா என் வீட்டுக்காரி கை இதுக்கும் ஒரு படி மேலன்னு."

மகளுக்குச் செருப்பால் அடித்ததுபோல இருந்தது. இதைத் தூக்கிக்கொண்டு போய் யார் காலடியில் வைப்பது?

அப்போதுதான் அம்மாவின் போன் வந்தது. பின்னணியில் ஏகப்பட்ட குரல்கள்.

"குடுத்துட்டாங்களா?"

"நாலு மணிக்கும்மா."

"கடைசியா ஏதாவது சாப்பிட்டாராடி?"

மகள் சமையல்காரரைப் பார்த்தாள். மறைத்துவிடலாம். மறைத்தால் அதுவும் அப்பாவுக்குச் செய்கிற சேவகம்தான். அவள் மழைக்கு ஒதுங்கியதிலிருந்து எல்லாவற்றையும் சொன்னாள். கிண்ணம். உப்பு. கடைசி வாக்கியம்.

அம்மா கடைசி வாக்கியத்தை மட்டும் மறுபடி சொல்லச் சொன்னாள்.

"யார்கிட்ட சொன்னாராம்?"

"கடைக்காரர்கிட்ட."

"எட்டு வருஷமாவா?"

"ஆமாம்மா."

"ஓ," என்றாள் அம்மா. "இங்க எல்லாரும் சுத்தி உக்காந்துக்கிட்டு, அழுதுடு, அழுதுடுன்னு உயிரை வாங்குறாங்க."

"அழணும்னு இல்லம்மா."

"வருதான்னு பாத்தேன். வரல."

அந்தப் பக்கம் யாரோ அருகில் வந்தார்கள். அத்தையின் குரல்: "அண்ணி, காலையிலேருந்து வெறும் வயிறு. இந்த டீயையாவது குடிங்க."

டம்ளரை வாங்கும் சத்தம். ஒரு மிடறு. பிறகு டம்ளர் தரையில் வைக்கப்பட்டது. வைத்த வேகம் போனில் கேட்டது.

"ஆறிப்போயிருக்கு," என்றாள் அம்மா. "சக்கரையும் பத்தல. வேற போட்டுக் கொண்டா."

அங்கே எல்லாக் குரல்களும் நின்றன. மகள் போனைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டாள். வெகுதூரத்தில், அத்தையின் காலடிகள் சமையலறைப் பக்கம் போவது கேட்டது.