கோழிப் பாடத்துக்குத் தலைவர்

கானா நாட்டுத் தலைநகர் அக்ராவில், பல்கலைக்கழகத்தின் இணையப் பாடப் பிரிவுக்குப் பேராசிரியர் அனோக்வாதான் தலைவர். அவருக்கு இணையம் என்றால் சுவரில்லாத பெரிய மண்டபம், அவ்வளவுதான். மண்டபம் என்றால் விழா. விழா என்றால் ஜெபம், விழாத் தலைவரை முன்மொழிதல், தலைவரின் ஏற்புரை, டீனின் வாழ்த்துரை, நன்றியுரை. நடுவில் இடமிருந்தால் பாடம். இந்த மகானிடம்தான் எசினாம் பாடம் வடிவமைக்கும் வேலையில் மாட்டிக்கொண்டிருந்தாள்.

கோழி வளர்ப்பவர்களுக்கான இலவசப் பாடம் அது. நாடு முழுக்க ஆயிரக்கணக்கானோர் பதிவு செய்திருந்தார்கள். எசினாமின் தம்பி யாவோவும் அதில் ஒருவன். பள்ளிக்கூட வேலையை உதறிவிட்டு, க்பாண்டோ பக்கம் முதல் தடவையாகக் குஞ்சு இறக்கியிருந்தான். அக்கா செய்யும் பாடம் இருக்கும்போது வேறு யாரிடம் போய் யோசனை கேட்பது என்று இருந்துவிட்டான்.

எசினாம் பாடத்தைச் சின்னச் சின்னத் துண்டுகளாக வெட்டி, ஒவ்வொன்றின் முடிவிலும் ஒரு கேள்வி வைத்திருந்தாள். பார்க்கிறவன் கையில் இருப்பது பழைய போன், அதில் கொஞ்சம் டேட்டா. முக்கியமானதை முதலில் சொல்லிவிட வேண்டும் என்பது அவள் கணக்கு. அனோக்வா அதைப் பார்த்து முகத்தைச் சுளித்தார்.

"என்னம்மா இது, வாசல்ல நின்னு பேசிட்டுப் போற மாதிரி? ஜெபம் எங்க? தலைவர் எங்க?"

"ப்ரொஃபசர், இது வீடியோ. இதுக்கு எதுக்குத் தலைவர்?"

"தலைவர் இல்லாம நடந்தா அது சந்தைக்கடை."

"ஜனங்க அதையெல்லாம் ஓட்டிவிட்டுட்டுப் பாப்பாங்க."

"ஓட்ட முடியாத மாதிரி பண்ணிடு. பெரியவங்க பேசுறப்ப ஓட்டிவிடறது மரியாதையா?"

அவள் முடியாது என்றாள். வேறு ஆளை வைத்துச் செய்துகொண்டார்கள். ஓய்வுபெற்ற இயக்குநர் ஒருவர், விழாவுக்குப் போர்த்தும் கென்டே துணியைப் போர்த்தி, எல்லா வீடியோவுக்கும் தலைமை தாங்கினார். தடுப்பு மருந்துப் பாடத்தில் தம் பிள்ளைப் பருவத்தில் தொடங்கி, கோழிக்கும் தேசபக்திக்கும் உள்ள உறவு வரை விளாசித் தள்ளினார். கேட்க ஆளில்லாவிட்டாலும் பேசக்கூடிய பிறவி. இதைப் பார்த்து அனோக்வா பூரித்துப்போனார்.

ஒரு மத்தியானம் யாவோ போன் செய்தான்.

"அக்கா, எல்லாம் போச்சு. கொட்டகை முழுக்கச் சுருண்டு சுருண்டு விழுந்து கிடக்குது."

"தடுப்பு மருந்து குடுத்தியா?"

"குடுத்தேனே. குழாத் தண்ணியில கலந்துதான் வெச்சேன்."

"அடப்பாவி! பாடத்துல முதல் வரியே அதுதானேடா! குழாத் தண்ணியில குளோரின் இருக்கும், அது மருந்தையே கொன்னுடும்னு!"

"எந்த வரி? தலைவர் தேசபக்தி பத்திப் பேசுறப்பவே டேட்டா தீந்துடுச்சு. மறுபடி டேட்டா வாங்கிப் போட்டா, திரும்ப ஜெபத்துலேர்ந்து ஆரம்பிக்குது. அப்பவும் தலைவர்கிட்டயே தீந்துபோச்சு." கொஞ்சம் நிறுத்திவிட்டு, "நல்லாத்தான் பேசினாருக்கா," என்றான்.

எசினாமுக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. அங்கேயே உட்கார்ந்து ஒரு நிமிடக் குரல் பதிவு செய்தாள். குழாய்த் தண்ணீர் கூடாது, கிணற்றுத் தண்ணீரோ மழைத் தண்ணீரோ பிடியுங்கள் என்று மட்டும் சொல்லி, பதிவு செய்த அத்தனை பேருக்கும் வாட்ஸ்அப்பில் அனுப்பினாள். பதில்கள் வந்து குவிந்தன. நாளைக்கு மருந்து கொடுக்க இருந்தேன், தப்பித்தேன் என்று பலர் எழுதியிருந்தார்கள். அந்தப் பாடத்தில் யாராவது எதையாவது கற்றுக்கொண்டது அன்றுதான்.

மறுநாள் காலை அனோக்வா கூப்பிட்டனுப்பினார்.

"யாரைக் கேட்டு அனுப்பின? ஜெபம் இல்ல, வரவேற்பு இல்ல. அதுக்கு யாரு தலைமை?"

"என் தம்பியோட செத்த கோழிங்க, ப்ரொஃபசர்," என்றாள் எசினாம். நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னாள்.

அனோக்வா தலையைக் குனிந்துகொண்டார். மனிதருக்கு உறைத்துவிட்டது என்று ஒரு கணம் நம்பினாள் அவள்.

"ரொம்ப வருத்தமா இருக்கும்மா," என்றார் அவர். "அடுத்த வீடியோவுல ஜெபத்துக்கு முன்னாடி மௌன அஞ்சலி ஒண்ணு சேத்துடலாம். தலைவரே நடத்தி வைப்பாரு."