ஆறு எண்ணும் வரை

1

இந்தக் கதை கீதாவுடையது. என்னிடம் சொல்லி முடித்துவிட்டு, "எழுதிடாதீங்க" என்றாள். சரி என்று தலையாட்டினேன். இதோ எழுதுகிறேன். ஆரம்பத்திலேயே வாக்குத் தவறியவன் மீதியை எப்படிச் சொல்வானோ என்று நீங்கள் சந்தேகப்பட்டால் அது நியாயம்தான்.

(எழுத எனக்கும் ஒரு காரணம் உண்டு. சொல்ல வெட்கமாக இருப்பதால் கொஞ்சம் தள்ளிப்போடுகிறேன்.)

2

பழவேற்காடு ஏரியின்மேல் விடியல் தன் பொன்—

வேண்டாம். அன்று மேகமூட்டம். மேகத்தைச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் கீதா கொண்டுபோயிருந்த கேமராவுக்கு வெளிச்சம் குறைந்தால் நேரம் கூடும்.

அது நூறு வருஷத்துக்கு மேல் பழைய மரப்பெட்டி. முன்பக்கம் இரண்டு லென்ஸ், நம் கண்கள் இரண்டும் இருக்கிற இடைவெளியில். பின்னால் ஒரு மங்கல் கண்ணாடி. கறுப்புத் துணிக்குள் தலையை விட்டுப் பார்த்தால் அதில் இரண்டு ஏரி தெரியும், இரண்டும் தலைகீழாக. எல்லாம் துல்லியமானதும் அங்கே மருந்து பூசிய கண்ணாடித் தகட்டைச் செருக வேண்டும். அதற்குப் பிறகு பெட்டிக்குள் எதையும் பார்க்க முடியாது. லென்ஸ் மூடிகளைக் கழற்ற வேண்டும், எண்ண வேண்டும், மூட வேண்டும். ஒரே தகட்டில் இரண்டு படம் விழும். அச்சுப் போட்டு, இடம்வலம் மாற்றி ஒட்டி, இரண்டு கண்ணிலும் பிடித்துப் பார்க்கும் வியூவரில் வைத்தால் இரண்டும் ஒன்றாகி, பக்கத்தில் இருப்பது பக்கத்திலும் தூரத்தில் இருப்பது தூரத்திலும் போய் நின்றுகொள்ளும். [மாற்ற மறந்தால் தூரத்தில் இருப்பது மூக்கின்மேல் வந்து நிற்கும். இதை வைத்து ஓர் உவமை எழுதினேன். அடித்துவிட்டேன்.]

அன்றைய வெளிச்சத்துக்கு ஆறு எண்ண வேண்டியிருந்தது.

3

முனியம்மாள் ஏரியில் கையால் தடவி இறால் பிடிப்பவர். ஐம்பது வயது. (கீதா வயதைச் சொல்லவில்லை. இது என் ஊகம்.) சேற்றைத் துழாவ இரண்டு கையும் வேண்டும். அதனால் பிடித்ததைப் போடும் ஓலைப்பறியின் கயிற்றைப் பல்லில் கடித்துக்கொள்வார்கள். கீதாவுக்கு அதுதான் வேண்டியிருந்தது.

"சும்மா நிக்கிறதுக்கு எதுக்கும்மா வாயில பறி? கைதான் காலியா கெடக்குதே" என்றார் முனியம்மாள்.

"படத்துக்குத்தான்க்கா. ஆடாம மட்டும் நில்லுங்க."

"மூச்சு வுடலாமா?"

"மெதுவா விடுங்க."

ஐந்து தகடு போயிற்று. ஒன்றில் மோட்டார் படகு குறுக்கே வந்தது. ஒன்றில் அவர் தும்மினார். மற்ற மூன்றிலும் கீதாவுக்கே நம்பிக்கை இல்லை. மிஞ்சியது ஒன்று. முழங்கால் தண்ணீரில் முனியம்மாள், வெகுதூரத்தில் காட்டுப்பள்ளித் துறைமுகத்தின் கிரேன்கள்.

மூடிகளைக் கழற்றினாள். ஒன்று. இரண்டு. மூன்றில் முனியம்மாளின் கண்கள் இறுகின. பற்கள் கயிற்றில் அழுந்தின. தலை அசையவில்லை. ஏதோ ஆகிவிட்டது என்று கீதாவுக்குத் தெரிந்தது.

நான்கு. ஐந்து. ஆறு.

அவள் மூடியபிறகுதான் முனியம்மாள் பறியைத் துப்பிவிட்டுக் கத்தினார். பாதத்தில் கெளுத்தி மீனின் முள் ஏறியிருந்தது.

"நடந்துகினே இருந்தா அது ஒதுங்கிப்பூடும்மா. நின்ன எடத்துலயே நின்னா இப்டித்தான்" என்றார், கரையில் உட்கார்ந்து காலைப் பிடித்துக்கொண்டு. நாலு நாள் அவரால் ஏரியில் இறங்க முடியவில்லை.

4

இப்போது என் காரணம். சென்னையில் கண்காட்சி வைத்தபோது அந்தப் படத்துக்குக் குறிப்பு எழுதியவன் நான். வியூவரில் கண்ணை வைத்ததும் அந்த முகம் தொடுகிற தூரத்தில் வந்து நின்றது. எழுதினேன்: "இவள் முகத்தில் உறைந்திருப்பது ஏரியின் ஆயிரமாண்டுத் துயரம்."

கெளுத்தி முள். ஆயிரமாண்டெல்லாம் இல்லை, மூன்று எண்ணிக்கைதான்.

['இவள்' என்று எழுதியிருக்கிறேன், பாருங்கள். நேரில் பார்த்திருந்தால் 'வாங்கம்மா' என்றிருப்பேன்.]

அந்த வரியைப் பலர் பாராட்டினார்கள். கீதா பாராட்டவில்லை. அன்று மாலை டீக்கடையில் எல்லாவற்றையும் சொன்னாள். "மூணுலயே தெரிஞ்சுது. கடைசித் தகடு" என்றாள். குறிப்பை மாற்றச் சொல்லி அவள் கேட்கவில்லை. நானும் மாற்றவில்லை. இன்னும் பதினோரு நாள் அது சுவரில் இருந்தது.

5

முடிவு. முதலில் எழுதியதில் கீதா தகட்டைக் கல்லில் அடித்து உடைக்கிறாள். அவள் உடைக்கவில்லை. பீரோவில் பத்திரமாக வைத்திருக்கிறாள்.

இரண்டாவதில் முனியம்மாள் சிரித்துக்கொண்டே, "போனா போவுது வுடும்மா" என்று மன்னிக்கிறார். எழுதும்போது எனக்கு இதமாக இருந்தது. அதனாலேயே அடித்தேன்.

நடந்தது இது. போன மாதம் கீதா வியூவரை எடுத்துக்கொண்டு பழவேற்காடு போனாள். படகுத்துறையில் முனியம்மாள் அதை வாங்கி வெகுநேரம் பார்த்தார். கண்ணை எடுக்காமலே கேட்டார்:

"எண்ணிகினே இருந்தியே, பாதியில அத்த நிறுத்த முடியாதா?"

முடியும். மூடியைப் போட்டால் போதும். ஒரு தகடு வீணாகும், அவ்வளவுதான்.

"முடியும்க்கா" என்றாள் கீதா.

முனியம்மாள் வியூவரை அவள் கையில் கொடுத்துவிட்டு ஒன்று சொன்னார். சின்ன வாக்கியம். கீதா அதை என்னிடம் அப்படியே சொன்னாள். இங்கே எழுதமாட்டேன். அந்த முகத்தில் நான் ஒரு தடவை என் வார்த்தையை ஒட்டியாகிவிட்டது.

நீங்கள் வேண்டுமானால் அவர் என்ன சொல்லியிருப்பார் என்று—

இல்லை. நீங்களும் வேண்டாம்.